எங்கள் ஊர் நாற்றம்

பெங்களூர் போகும் பஸ் ஆம்பூரை நெருங்கும்போது ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். கைக்குட்டைகள் மூக்குக்குப் போகும். "எப்படித்தான் இங்க மனுஷன் இருக்கான்?" என்று யாராவது சொல்வார்கள். அந்த மனுஷன் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றாது. நான் பலமுறை அப்படி உட்கார்ந்து வந்தவன்.

எனக்குக் கோபம் வரும். என் நண்பனுக்கு வெட்கம் வரும். இருவரும் ஒரே தெரு. அவன் வீட்டுக்குப் பின்னால் தோல் பதனிடும் டேனரியின் கழிவுக் கால்வாய் ஓடியது. அவன் அப்பா அங்கேதான் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறப்போடும் வேலை பார்த்தார். மகன் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், டேனரிக்கு மட்டும் வரக்கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம். அதனால்தான் அவன் சுரங்கத் தொழில் டிப்ளமோ படிக்க வெளியூர் கிளம்பினான்; நானும் கூடவே போனேன். விடுதியில் அவன் பெட்டியைத் திறந்தபோது ஒருவன் மூக்கைப் பிடித்தான். அன்றிலிருந்து என் நண்பன் அத்தர் போடாமல் வெளியே போனதில்லை.

வடக்கே ஒரு தனியார் நிலக்கரிச் சுரங்கத்தில் எங்களுக்கு வேலை கிடைத்தது. இருவருமே ஓவர்மேன், அதாவது ஒரு ஷிப்டில் ஒரு பகுதிக்குப் பொறுப்பு. காலையில் நான், மாலையில் அவன். தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு சரிவுப் பாதையில் நடந்து இறங்க வேண்டும். கீழே ஆட்களைப் பார்ப்பது, கூரையைத் தட்டிப் பார்ப்பது, காற்றைச் சோதிப்பது எல்லாம் எங்கள் வேலை. மேலாளர் கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். அந்நிய ஊரில் தமிழ் பேசும் மேலதிகாரி என்று நாங்கள் பூரித்துப்போனோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

உற்பத்தியைக் கூட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கடி வந்தது. கிழக்கே புதிதாக ஒரு பகுதியைத் திறந்தார்கள். அந்தத் திசையில் யாரோ எப்போதோ தோண்டிக் கைவிட்ட பழைய சுரங்கம் ஒன்று தண்ணீர் நிறைந்து கிடந்தது. வரைபடத்தில் அதற்கும் எங்களுக்கும் நடுவே நல்ல தடிமனான கரிச்சுவர் இருந்தது. வரைந்தவர்கள் செத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒருநாள் வெடிப்புகை வெளியேறியபின் புதிய பகுதியின் கோடிக்குப் போனேன். கரிச்சுவர் வியர்த்திருந்தது. கூடவே மெல்லிய வாடை. சுண்ணாம்புத் தொட்டி நீரைத் திறந்துவிடும்போது கால்வாயிலிருந்து கிளம்புமே, அழுகிய முட்டை வாடை, அதுதான். பழைய சுரங்கத்தில் தேங்கிய தண்ணீர் கிட்டத்தில் இருந்தால் இப்படி அடிக்கும் என்று வகுப்பிலும் சொல்லியிருந்தார்கள். உடனே வேலையை நிறுத்தி, சுவரில் நீளமாகத் துளை போட்டு, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஷிப்ட் மாறும்போது அவனிடம் கேட்டேன்.

"நேத்தே தெரிஞ்சுதுடா," என்றான். "எங்க வீட்டுப் பின்னால நிக்கிற மாதிரி இருந்துச்சு."

இருவரும் மேலாளரிடம் போனோம்.

"கேஸ் மீட்டர் என்ன காட்டுது?" என்றார்.

"ஒண்ணும் காட்டல சார். ஆனா மூக்குக்குத் தெரியுது. மீட்டருக்கு எட்டாத அளவுகூட மூக்குக்கு எட்டும் சார்."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பேரும் ஆம்பூர்தானே? பொறந்ததுல இருந்து அதையே மோந்தவங்களுக்கு எங்க போனாலும் அதுதான் அடிக்கும். நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். துளை போட்டுப் பார்த்துவிடலாம் என்று நான் மறுபடி சொன்னேன். வேலை நிற்கும், முடியாது என்றார். அடுத்த நாளும் போய்க் கேட்டேன். "உனக்குக் கிழக்கே வாடை அடிக்குதுன்னா மேற்கே போயிடு," என்று என்னை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார். அவனை மாற்றவில்லை. அவன்தான் மறுபடி வாயைத் திறக்கவில்லையே.

அறைக்கு வந்து அவனிடம் கத்தினேன். அவன் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தான். தேய்த்த தேய்ப்பில் கையெல்லாம் சிவந்திருந்தது.

"அந்த ஆளு சொல்றது நெசமாக்கூட இருக்கும்டா," என்றான். "நம்ம மூக்கு கெட்டுப்போச்சோ இன்னாவோ."

"கெட்டுப்போன மூக்குக்கு வாடையே தெரியாதுடா. உனக்குத் தெரியுது இல்ல?"

"உட்று தோஸ்த். இன்னொரு வாட்டி போய் நின்னு சிரிப்பு வாங்கிக்க என்னால ஆவாது." அத்தர் புட்டியைத் திறந்து மீசையில் தொட்டுக்கொண்டான்.

அவன் ஷிப்டில்தான் சுவர் உடைந்தது. தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் தன் ஆட்களை ஒருவர் விடாமல் சரிவில் ஏற்றி அனுப்பியிருக்கிறான். கடைசியாகக் கிளம்பியவன் அவன். தண்ணீரை இறைத்து முடித்த பிறகுதான் அவனை எடுக்க முடிந்தது. சவப்பெட்டியை மூடியபடியே ஆம்பூருக்குக் கொண்டுவந்தேன். முகத்தை ஒருமுறை காட்டச் சொல்லி அவன் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் காட்டவில்லை.

நிறுவனம் தானே விசாரணை நடத்திக்கொண்டது. வாடையைப் பற்றிச் சொன்னேன். எந்தக் கருவியில் பதிவானது என்று கேட்டார்கள். யாராலும் முன்கூட்டி அறிய முடியாத விபத்து என்று முடித்தார்கள். நான் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

அவனுக்காக ஓதும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு மேலாளர் பழக்கூடையோடு காரில் வந்தார். தெருமுனையில் நின்ற என்னைத் தட்டிக்கொடுத்தார். பழைய தண்ணீர் வடிந்துவிட்டதால் இனிக் கிழக்கே பயமில்லை, அடுத்த மாதமே கரி எடுக்கத் தொடங்கிவிடலாம் என்று நல்ல செய்தி போலச் சொன்னார். அவன் வீட்டை நெருங்க நெருங்க அவர் நடை தளர்ந்தது. டேனரியில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னப்பா இது, இப்படி நாறுது?"

"இதேதான் சார்," என்றேன். "அன்னிக்குக் கீழ அடிச்சது இதேதான்."

அவர் கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டு நடந்தார். மறுத்து ஏதாவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கையை ஓங்கியிருப்பேன்.

அதற்குள் அவன் அப்பா வாசலுக்கு வந்துவிட்டார். விருந்தாளியின் கைக்குட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் என் நண்பனின் அதே வெட்கம்.

"மன்னிச்சுக்கங்க சார், இன்னிக்குன்னு பார்த்து ஜாஸ்தியா இருக்குது. உள்ள வாங்க, உள்ள அவ்ளோவாத் தெரியாது," என்றபடி ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்.