கண்வலிப் பூவும் என் சிவந்த கண்ணும்

கண்வலிப் பூவைப் பார்த்தால் கண் வலிக்கும் என்பது சுத்தப் பொய். ஆயிரம் தடவை பார்த்தவள் சொல்கிறேன்.

யுத்தம் நடந்த வருஷங்களில் தூத்துக்குடியில் விறகுக்குத் தட்டுப்பாடு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உப்பளம் வரைக்கும் எங்களுக்குச் சொந்தமான உடைமரக் காடு இருந்தது. காடு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். குடை விரித்த மாதிரி நிற்கும் முள்மரங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நிழலில், இலை மக்கிய மணலில் மட்டும்தான் அந்தக் கொடி வரும். ஐப்பசி மழைக்குக் கிழங்கிலிருந்து எழும்பி, இலை நுனியால் முள்ளைச் சுற்றிப் பிடித்து ஏறும். பூவின் அடி மஞ்சள், நுனி சிவப்பு. வெளியே உப்புக் காற்றில் ஒன்றுகூடக் கிடையாது. மொத்தமே ஏழு கொடி.

அண்ணன் மரங்களை விறகுக்கு வெட்ட ஆள் சொல்லிவிட்டான். நான் சண்டைக்குப் போனேன்.

"மரத்த வெட்டினா வெயில்ல கிழங்கு செத்துப் போவும். காஞ்ச கொப்ப மட்டும் எடு."

"ஏளா, பூவுக்காவ அடுப்ப அணைக்கச் சொல்லுதியா? அந்தப் பீடையப் பாத்தாலே கண்ணு போயிரும். ஒழியட்டும்."

"நாளைக்குப் பூரா அது முன்னால உக்காந்து பாக்கேன். கண்ணு வலிக்கலன்னா காட்டத் தொடப்பிடாது."

"சரி, பாரு."

மறுநாள் சாயந்தரம் வரைக்கும் கொடியின் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு மதினி தூரத்தில் நின்று, "குருட்டுப் பிள்ளய எவன் கட்டுவான்?" என்றாள். "ஒன் தம்பியக் கேளு" என்றேன். ஓடிவிட்டாள்.

அதற்கடுத்த நாள் விடிந்தபோது இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மாவுக்கு நாலு நாளாகக் கண்வலி. அவள் துண்டிலேயே நானும் முகம் துடைத்திருக்கிறேன், முட்டாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த நேரம் பார்த்து வெட்டு ஆட்கள் நாலு பேர் கோடாலியோடு வந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் மூத்தவர் கோடாலியைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு என்ன?"

"அந்தக் கண்வலிப் பூவப் போயிப் பாத்துட்டு வந்திருக்கா, கழுத."

"அது எங்கன கெடக்கு?"

"நீங்க வெட்டப் போற காட்டுலதான்" என்று கையை நீட்டினேன்.

நாலு பேரும் வந்த வழியே போய்விட்டார்கள். அண்ணன் சிரிப்பு நின்றுவிட்டது. வேறு ஆளும் வரவில்லை. கடைசியில் அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரத்தில் கிடந்த காய்ந்த கொப்பைப் பொறுக்கினான்.

துண்டைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த ஐப்பசியில் ஒன்பது கொடி.