அணைக்கச் சொன்ன விளக்கு

பின்சீட்டைத் தூக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புளித்த சாராய நாற்றமும் எலிப் புழுக்கையும். காரைக்காலில் கார் எலெக்ட்ரீஷியனாக நான் முகராத நாற்றம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

கார் சுரக்குடியிலிருந்து வந்தது. மகளுக்குச் சீராகக் கொடுக்க, பழைய கார் ஒன்றை அப்பா வாங்கியிருந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது, மகள்தான் அவரை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு வந்தாள். டேஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லையாம். ஏற்கெனவே பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும் ஏர்பேக்கை இயக்கும் மாட்யூலை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். கைநிறைய ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள், மூளையைத்தான் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள்.

காருக்குள் இருக்கும் மாட்யூல்கள் முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்கள் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். என் ஸ்கேனருக்கு எல்லாம் பதில் சொன்னது, ஏர்பேக் மாட்யூலைத் தவிர. அந்த வயர்களில் மீட்டரை வைத்தேன். மின்தடை இருக்க வேண்டியதைப் போல இரு மடங்கு காட்டியது. அப்படியென்றால் எங்கோ அறுந்திருக்கிறது. மாட்யூலில் ஒரு குறையும் இல்லை.

வயரைப் பிடித்துக்கொண்டே போனதில்தான் அந்தப் பின்சீட்டு. முன்பு வைத்திருந்தவன் அடித்தகட்டை வெட்டிப் பாட்டில் ஒளிக்க அறை செய்திருக்கிறான். இங்கே சரக்கு மலிவு, செக்போஸ்ட்டைத் தாண்டினால் லாபம். குறுக்கே வந்த வயர்க் கொத்தை அறுத்து, கையால் முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். உடைந்த பாட்டிலின் சரக்கில் ஊறி எல்லாம் பச்சை பூத்திருந்தது. ஏர்பேக்குக்குக் கரண்ட் போகும் வயரும் அதில்தான். அவன் கை விளங்காமல் போக என்று வாய்விட்டே திட்டினேன்.

அந்தப் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். புது வயர் இழுக்க இரண்டு நாள் ஆகும் என்றேன். நாளை மறுநாள் கல்யாணம் என்றார்.

"சம்பந்தி வீட்ல பாத்தா மானம் போயிடும் தம்பி. லைட்ட மட்டும் அணைச்சு வுடுங்க."

மோதினால் ஏர்பேக் விரியாது என்று சொன்னேன். பொண்ணும் மாப்ளயும் மெதுவாத்தான் போவாங்க என்றார். அந்த நாற்றத்தையாவது சகித்துக்கொள்ளலாம். மனிதரை ஏறிட்டுப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. முடியாது என்று சாவியை நீட்டினேன்.

வெளியே ரவிக்கை தைப்பவரோடு போனில் பேசிக்கொண்டிருந்த மகள் உள்ளே வந்தாள். சரியாகிவிட்டதா என்று கேட்டாள். ஆயிடுச்சும்மா, போலாம் என்று அவர் சாவிக்குக் கை நீட்டினார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அறுந்த வயரை அவளுக்குக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா விளக்கை அணைக்கச் சொன்னதையும் சேர்த்துத்தான்.

அவள் குனிந்து அந்த அறுந்த வயரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"லைட்ட அணைச்சுட்டா எனக்கும் தெரியாதுல்லப்பா?"