தச்சர் வீட்டில் நிறைந்த வாளி

உங்கள் தெருவில் இருக்கும் வீடுகளை, முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீடு வரை, ஒன்று விடாமல் ஒரே சீராகச் சொல்ல முடியுமா? வாளியக்கா சொல்லிக்கொண்டிருக்கிறார். "சுமைக்காரர் வீடு. ரொட்டிக்கடை வீடு. கண்ணாடி வாத்தியார் வீடு. ரெட்டைப்பிள்ளை வீடு..." பாறை இடுக்கிலிருந்து நீண்டிருக்கும் குழாயின் கீழே பத்து லிட்டர் வாளி. வலது கையில் வால்வுச் சாவி. ஒரு வீட்டுக்கு ஒரு தட்டு, சாவியால் வாளியின் விளிம்பில். இடையில் யாராவது பேசிவிட்டால் வாளியைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் சுமைக்காரரிடமிருந்து ஆரம்பிப்பார்.

வயது ஐம்பத்திரண்டு. ஊராட்சிப் பதிவேட்டில் அவருடைய வேலை 'வால்வு திறப்பவர்'. அந்த மலைச்சரிவின் முப்பத்தெட்டு வீடுகளுக்கும் இந்த ஓர் ஊற்றுதான். காலையில் மேல்வரிசை, மதியம் நடுவரிசை, சாயங்காலம் கீழ்வரிசை. வெயிலோ மழையோ, கணவரின் பழைய மழைக்கோட்டுதான் உடுப்பு. அதன் ஒரு பையில் சாவி, இன்னொன்றில் ஆடுகளை விரட்டக் கூழாங்கற்கள். ஆட்டைத் திட்டும் அதே சொற்களால்தான் தொட்டிக்குப் பக்கத்தில் துணி துவைக்க வருகிறவர்களையும் திட்டுவார்.

ஊற்றுக்கு மேலே உள்ள சரிவில் முழங்கால் ஆழத்துக்கு வரிசையாகப் பள்ளங்கள். எல்லாம் அவர் வெட்டியவை. கோடை முடிவதற்குள் ஒவ்வொன்றிலும் இறங்கி மக்கிய இலையையும் சேற்றையும் அள்ளி வெளியே போடுவார். அவரைப் பற்றி எழுதப் போயிருந்த நான், எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "மழையை உக்கார வைக்கணுமே. வாசல்ல நின்னுக்கிட்டே பேசிட்டுப் போற விருந்தாளி மாதிரி ஓடிடுச்சுன்னா நமக்கு என்ன மிச்சம்?" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எந்த வீட்டையும் விட்டுவிடாமலிருக்க வீடுகளை வரிசையாகச் சொல்லிப் பழகியிருக்கிறார். பிறகு ஊற்றை அளக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியபோது, கையில் கடிகாரம் இல்லை. வாயில் இந்த வரிசை இருந்தது. மாதம் ஒருமுறை, தொடர்ந்து பத்து நாள் மழை இல்லாத ஒரு நாளில், வாளியை வைப்பார். எந்த வீட்டைச் சொல்லும்போது நிறைகிறதோ அந்த வீட்டின் பெயரை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதுவார். ஒன்பது ஆண்டுகள், நூற்றெட்டுத் தாள்கள். வால்வு அறையின் கூரையில் பாலிதீன் பைக்குள் தொங்குகின்றன. முதல் ஆண்டுக் கோடையின் தாளில் 'தச்சர் வீடு' என்றிருக்கிறது. அது பத்தொன்பதாவது வீடு. இப்போது ஊரே முடிந்தும் வாளி நிறைவதில்லை. இரண்டாம் சுற்றில் ஆறாவது வீடு வரை போகிறது.

இந்த முப்பத்தெட்டில் பதினான்கு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தண்ணீர் போதாமல் கீழே இறங்கிப் போனவர்கள். அவற்றையும் விடாமல் சொல்கிறார். வாளியைத் தூக்க வந்த தையல்காரர் என் முன்னாலேயே அவரைச் சீண்டினார்: "பூட்டின வீட்டையெல்லாம் எதுக்குக்கா சொல்றீங்க? பேய்க்குத் தண்ணி விடப் போறீங்களா?"

"உன் அளவு நாடாவுல நாலு இஞ்ச் அழிஞ்சு போச்சுன்னா அதை வெட்டி எறிஞ்சிட்டா சட்டை தைப்பே? எறிஞ்சாலும் எறிவே. உன் சட்டையைப் பாத்தாலே தெரியுது."

பூட்டிய வீடுகளில் ஒன்று அவர் மகளுடையது, முப்பத்தேழாவது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கைக்குழந்தையோடு இருந்த மகள் பத்து நிமிடம் கூடுதலாகத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். இவர் விடவில்லை. "எல்லா வீட்டுலயும்தான் பிள்ளை இருக்கு. இவ பிள்ளைக்கு மட்டும் தனித் தாகமா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு கூழாங்கல்லை எறிந்தார். அங்கே ஆடு எதுவும் இல்லை.

ஊற்று கோபித்துக்கொண்டது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. "ஊத்துக்கு எங்கங்க கோபம் வரும்? மேல ரெண்டு போர் போட்டு உறிஞ்சினா கீழ வத்தும். இதுல சாமியை ஏன் இழுக்கறாங்க?" என்றார் வாளியக்கா. மலையுச்சியில் அறுபது அறைகள் கொண்ட விடுதி இருக்கிறது. அதன் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளும் அவருடைய பள்ளங்களுக்கு நேர் மேலே. மூன்றாவதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் விசாரணை.

அதற்காகத்தான் போன மாதம் ஒரு பொறியாளர் ஊற்றைப் பார்க்க வந்தார், பெருமழை பெய்து மூன்றாம் நாள். கைப்பேசியில் நேரம் பார்த்தார். இருபத்தாறு வினாடியில் வாளி நிறைந்தது.

"சார், இது ஊத்துத் தண்ணி இல்ல, முந்தாநேத்து மழை. பத்து நாள் கழிச்சு வந்து பாருங்க."

"பத்து நாள் கழிச்சு எனக்கு வேற மலை இருக்கும்மா."

வாளியக்கா தாள்களை எடுத்து நீட்டியிருக்கிறார். எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று கேட்டாராம் பொறியாளர். "வாயால" என்றாராம் இவர். அறிக்கையின் நகலைப் பார்த்தேன். அளவீட்டுக் கருவி: இல்லை. முந்தைய பதிவுகள்: இல்லை. இணைப்பாகத் தரப்பட்டது வீட்டுப் பெயர்ப் பட்டியல். ஊற்றில் நீர் குறைந்ததற்குச் சான்று இல்லை. ஆட்சேபம் இருந்தால் கடிகாரத்தால் எடுத்த மூன்று ஆண்டு அளவுகளோடு வரலாம். மூன்று ஆண்டுகள் கழித்து அளப்பதற்கு என்ன இருக்கும் என்று அறிக்கையில் இல்லை.

நான் நிறுத்துக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாளியக்காவைச் சொல்லச் சொன்னேன். முப்பத்தெட்டு வீடுகளுக்கு நாற்பத்தேழு வினாடி. மறுமுறை நாற்பத்தெட்டு. மூன்றாம் முறை மீண்டும் நாற்பத்தேழு. அதாவது, முதல் ஆண்டில் ஏறக்குறைய இருபத்து நான்கு வினாடியில் நிறைந்த வாளிக்கு இப்போது ஐம்பத்து நான்கு. நாக்கு வயதோடு மெதுவாகியிருக்கலாமே என்று விடுதிக்காரர் கேட்கட்டும். ஆகியிருந்தால், அன்று பத்தொன்பது வீட்டைச் சொல்ல இன்னும் குறைவான நேரமே ஆகியிருக்கும். ஊற்று தாள் சொல்வதைவிட அதிகமாக வற்றியிருக்கிறது என்றுதான் பொருள். அவரிடம் பிழை இருந்தால் அதுவும் விடுதிக்கே சாதகம். பள்ளிக்கூடத்துக் கணக்கு இது. பொறியாளர் இதைப் போட்டுப் பார்க்கவில்லை. மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்ணின் வாயைக் கருவி என்று எழுத அவருக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சொன்னபோது வாளியக்கா சந்தோஷப்படவில்லை. "சரியாத்தான் எண்ணியிருக்கேனா? அப்ப உண்மையிலேயே வத்திடுச்சு" என்றார். தாள்களை மறுபடி பையில் கட்டித் தொங்கவிட்டார். விசாரணைக்கு இவற்றை எடுத்துக்கொண்டு போகத்தான் போகிறார். மூன்று பேருந்து மாற வேண்டும்.

நான் கிளம்பும் காலையில் இந்த மாதத்து அளவு. சுமைக்காரர் தொடங்கி, பூட்டியவை திறந்தவை எல்லாம் கடந்து, தச்சரைக் கடந்து, கீழ்வரிசைக்கு வந்தார். "சின்னவ வீடு" என்றார், மகள் வீட்டுக்கு. தட்டு தப்பவில்லை, முன்னதைவிட மெல்லவும் இல்லை, பலமாகவும் இல்லை. "என் வீடு." அது கடைசி. வாளியில் இன்னும் நான்கு விரல் மீதி. சாவியை உயர்த்தி, விளிம்பில் மறுபடி தட்டினார்: "சுமைக்காரர் வீடு."

நீங்களும் இன்று உங்கள் குழாயடியில் ஒரு வாளியை வையுங்கள். கடிகாரம் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் தெருவைச் சொல்லுங்கள். எந்த வீட்டில் நிறைகிறது என்பதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.