மூணுக்குள்ள வந்தா சீட்டு

கார் ரேஸுங்கிறது படுத்துக்கிட்டு, வேர்த்துக்கிட்டு, முன்னாடி போறவனோட பின்பக்கத்தைப் பாத்துக்கிட்டே செய்யற தொழில். பக்கத்துல ஒக்காந்து "பிரேக்கு, பிரேக்கு"ன்னு காலை ஒதைக்கிற வீட்டுக்காரரை வெச்சுக்கிட்டு ஜி.எஸ்.டி ரோட்டுல வண்டி ஓட்டுற அக்கா தங்கச்சிங்களே, உங்ககிட்டதான் இதைச் சொல்ல முடியும். உங்களுக்குத்தான் புரியும்.

நான் செங்கல்பட்டுக்காரி. ஒத்த ஆள் ஒக்கார்ற ரேஸ் காரை எங்க ஊர்லேர்ந்து ஓட்டப் போன மொத பொம்பளை. மொத பொம்பளைன்னா மாலை மரியாதை நடக்கும்னு நெனைக்காதீங்க. போற எடத்துல எதுவுமே நமக்குன்னு செஞ்சிருக்க மாட்டாங்கன்னு அர்த்தம், அவ்ளோதான். இங்க சொல்றதெல்லாம் ஒரே சீசன்ல நடந்தது. எனக்கு அப்ப முப்பத்திநாலு வயசு. சீசன் ஆரம்பிக்கும்போதே டீம் மேனேஜர் கூப்பிட்டு ஒடைச்சுச் சொல்லிட்டாரு. கடைசி ரேஸ்ல மொத மூணு பேருக்குள்ள வந்தா அடுத்த சீசனும் சீட்டு எனக்கு. இல்லன்னா வேற டீம்ல ஓட்டிக்கிட்டிருந்த தினேஷுக்கு. அவனுக்கு வயசு இருபத்திரெண்டு. எனக்கு அந்த சீட்டு போச்சுன்னா வேற எந்த டீமும் கூப்பிடாது. ஹெல்மெட்டைப் பரண்ல தூக்கிப் போட வேண்டியதுதான்.

நாலு எலுமிச்சம்பழம்

எங்க மெக்கானிக் கன்னியப்பண்ணன் படாளத்துக்காரர். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறுன்னு சொல்லிடுவாரு. கெட்டிக்காரர். ஆனா எலுமிச்சம்பழம் நசுக்காம வண்டி எடுக்க விடமாட்டாரு. சீசனோட மொத ரேஸ். ஸ்டார்ட்டிங் லைன்ல எனக்குன்னு கோடு போட்ட கட்டத்துல கார் நிக்குது. மெக்கானிக்குங்க எல்லாம் வெளிய போற நேரம், அண்ணன் பாக்கெட்டுலேர்ந்து நாலு பழத்தை எடுத்து நாலு டயருக்கும் முன்னாடி வெச்சுட்டு ஓடிட்டாரு.

ரேஸுக்கு முன்னாடி எல்லாரும் மெதுவா ஒரு சுத்து போயிட்டு, திரும்ப அதே கட்டத்துல வந்து நிக்கணும். நானும் ஒழுங்கா வந்து நின்னேன். எங்க? என் பழம் நசுங்கிக் கெடந்த எடத்துல, ஒரு ஜாண் முன்ன பின்ன இல்லாம. ரேஸ் டயர்ல வெட்டே இருக்காது, மொழுமொழுன்னு இருக்கும். கெளம்பலாம்னு செவப்பு வெளக்கு அணைஞ்சுது, அழுத்தினேன், பின் டயரு ரெண்டும் பழச்சாறுல வழுக்கி நின்ன எடத்துலயே சுத்துது. மொத்தக் கூட்டமும் என்னைத் தாண்டிப் போயிடுச்சு. கடைசியா வந்து எறங்கி, கோவத்துல ஹெல்மெட்டை மேஜை மேல வெச்ச வேகத்துல டீ கிளாஸ் ஒடைஞ்சுது. அண்ணன் அசரவே இல்ல.

"கட்சீல வந்தா இன்னாம்மா? கையி காலு முழுசா வந்துகீறல்ல, அது பழத்தோட வேல."

வேடந்தாங்கல் போன கதை

எங்கம்மா ரிட்டயர்டு கணக்கு டீச்சர். நான் ரேஸ் ஓட்டுறதை ஒரு தடவை கூட வந்து பாத்ததில்ல. கேட்டா, "நீ விழறதை நான் எதுக்குடி டிக்கெட் வாங்கிப் பாக்கணும்"பாங்க. அவங்களுக்குப் பறவை பாக்கணும்னு ஆசை. தை மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை வேடந்தாங்கலுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

ஒரு ரகசியம் சொல்றேன், எனக்கு ரோடுன்னா பயம். ட்ராக்ல எதிர்ல எவனும் வரமாட்டான். ரோட்டுல ஆடு வரும், மாடு வரும், ராங் சைடுல ட்ராக்டர் வரும். அதனால நாப்பதுக்கு மேல தாண்டமாட்டேன். படாளத்துல திரும்பினதுலேர்ந்து எல்லாரும் எங்களை முந்திக்கிட்டுப் போறாங்க. பஸ்ஸு போச்சு, ஷேர் ஆட்டோ போச்சு, கடைசியா புல்லுக்கட்டு ஏத்தின மொபெட்டும் போச்சு. அம்மா அது மறையற வரைக்கும் பாத்தாங்க. அப்புறம் பொறுமையா சொன்னாங்க.

"இந்த வேகத்துல நாம போய்ச் சேர்றதுக்குள்ள, எல்லாம் முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, குடும்பத்தோட ஊருக்குத் திரும்பிடும்டி."

கடற்கரையில போட்டோ

எங்களுக்கு விளம்பரம் குடுத்த ஜவுளிக்கடைக்காரருக்கு ஒரு யோசனை. மாமல்லபுரத்துக் கடற்கரையில ரேஸ் காரை நிறுத்தி, நான் பட்டுப்புடவையில சாஞ்சு நிக்கணும். "ரேஸ் டிரஸ்ல நிக்கிறேனே சார்"னு கெஞ்சினேன். "அதை நாங்க விக்கலையேம்மா"ன்னுட்டாரு. நியாயந்தானே. லாரியில காரை ஏத்திக்கிட்டு, ஊருக்குத் தெக்கால இருக்கிற குப்பத்துப் பக்கம் போனோம்.

அந்தக் காரோட வயிறு தரையிலேர்ந்து ரெண்டு வெரக்கடை ஒசரம். மணல்ல எறக்கினோமோ இல்லையோ, பொதுக்குன்னு ஒக்காந்துடுச்சு. அசையமாட்டேங்குது. அலை வேற கிட்ட வந்து வந்து பாக்குது. வலை பிரிச்சுக்கிட்டிருந்த அண்ணன்மாருங்கதான் எழுந்து வந்து, படகு இழுக்கிற கயித்தை முன்னாடி கொக்கியில கட்டி, கரையேத்திக் குடுத்தாங்க. புடவைக் கொசுவத்தை இடுப்புல செருகிக்கிட்டு நானும் தள்ளினேன். அந்த போட்டோவைத்தான் கடைசியில கடையில மாட்டினாங்க. மீன் கூடையோட நின்ன ஒரு அக்கா காரை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு எங்கிட்ட வந்தாங்க.

"இன்னா காரும்மே இது? ஒரு கூடை மீனு வெக்க எடமில்ல, இதுக்கா இம்மாம் பேரு இழுத்தாங்க?"

டிரஸ் மாத்துற எடம்

நாங்க அந்த சீசன் ஓட்டின ட்ராக்ல பொம்பளைங்க டிரஸ் மாத்த ஒரு ரூம் கெடையாது. நர்ஸ் அக்கா எரக்கப்பட்டு ஆம்புலன்ஸ் உள்ள மாத்திக்கச் சொல்லுவாங்க. ஒரு நாள் ட்ராக்ல தினேஷ் மட்டும் பிராக்டீஸ் ஓட்டிக்கிட்டிருந்தான். நான் ஆம்புலன்ஸ் உள்ள ரேஸ் டிரஸ்ல ஒரு கையை மட்டும் நொழைச்சிருக்கேன், வண்டி சைரன் போட்டுக்கிட்டுக் கெளம்பிடுச்சு. டிரைவர்கிட்ட நான் உள்ள இருக்கேன்னு யாரும் சொல்லல.

உருண்டு பெரண்டு எப்படியோ ஜிப்பைப் போட்டேன். கதவு தொறந்தா, தினேஷோட கார் தடுப்பு டயருங்கள்ல சொருகிக்கிட்டு நிக்குது. அவன் புல்லுல ஒக்காந்திருக்கான். உண்மையைச் சொல்றேன், வர்ற வழியில ஒரு நொடி, 'இவனுக்கு அடிபட்டா சீட்டு நமக்குத்தானே'ன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அவன் மொகத்தைப் பாத்ததும் எனக்கே வெக்கமாப் போச்சு. ஓடிப்போய் ஹெல்மெட்டைக் கழட்டிவிட்டு, தண்ணி குடுத்தேன். ஒரு சிராய்ப்பு கூட இல்ல. பய என்னையும் ஆம்புலன்ஸையும் மாறி மாறிப் பாத்தான்.

"ட்ராக்ல ஒரு நாளும் நீங்க இவ்ளோ சீக்கிரமா எம் பின்னாடி வந்ததில்லக்கா."

கடைசி ரேஸ்

கடைசி ரேஸுக்குச் சொல்லாமக் கொள்ளாம அம்மா வந்து நிக்கிறாங்க. கையில கொடை, தண்ணி பாட்டில். "அடுத்த வருஷம் இல்லன்னா அப்புறம் எப்பப் பாக்கறது?"ன்னாங்க. சரின்னு மட்டும் சொல்லிட்டுக் கார்ல ஏறினேன்.

கடைசிச் சுத்து வரைக்கும் நான் நாலாவது. எனக்கு முன்னாடி மூணாவதா போறது யாரு? தினேஷேதான். பயமா இருந்துச்சுங்க, விழுந்துடுவோம்னு இல்ல, எறங்கினா திரும்ப ஏற மாட்டோம்னு. கடைசி வளைவுல அவன் உள்பக்கத்தை அடைச்சுக்கிட்டே வந்தான். நான் வெளிப்பக்கமா போற மாதிரி மூக்கைக் காட்டினேன். அவன் அந்தப் பக்கம் நகந்தான், நான் உள்ள நொழஞ்சேன். மூணாவது. காரை நிறுத்திட்டு ஹெல்மெட்டுக்குள்ளயே அழுதேன். மேனேஜர் குனிஞ்சு, "சீட்டு உன்னுதும்மா"ன்னாரு. தினேஷ் வந்து கை குடுத்தான்.

அம்மா ரேஸ் பூரா கண்ணை மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்களாம், கன்னியப்பண்ணன் சொன்னாரு. வந்து என் கை, தோளு, கழுத்தெல்லாம் தடவிப் பாத்தாங்க. முந்தானையால மொகத்தைத் தொடைச்சுவிட்டாங்க. எத்தனாவதுன்னு கேட்டாங்க. மூணாவதுன்னு சொன்னேன். கொடையை மடக்கிக்கிட்டே கேட்டாங்க.

"மூணாவதா? மொத ரெண்டு பசங்களும் யாருகிட்ட டியூஷன் போறாங்க?"

ஆக, மூணாவதா வந்தா டீம்ல சீட்டு கெடைச்சுடும், கணக்கு டீச்சர் வீட்டுல மட்டும் ஜஸ்ட் பாஸ்தாங்க.