தறி நிற்கும் நாளில் காது சோதனை

"உனக்கு எதில் ஆர்வம்?" என்று பிஎச்.டி. நேர்காணலில் கேட்டார்கள். உடலியங்கியல் துறைக்கு ஆராய்ச்சி செய்ய வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த பெண் கர்ப்பிணிகளின் ரத்தசோகை என்று சொல்லியிருந்தாள். அவளுக்கும் முன்னால் போனவர், ராத்திரி முழுக்க லாரி ஓட்டுகிறவர்களின் தூக்கம் என்று பத்து நிமிடம் பேசியதாக வெளியே வந்து பெருமையடித்தார். நான் ஒரே வார்த்தையில் "காது" என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காதில் என்ன என்று கேட்டார்கள். "ஆரணியில் பவர்லூம் ஓட்டுகிறவர்களின் காது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் கேட்காது. ஆனால் கேட்காது என்று அவர்களுக்கே தெரியாது" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அந்த வாய்தான் இடம் வாங்கிக் கொடுத்தது. பின்னால் எனக்கு கைடாக வந்த மேடம்தான் முதலில் சிரித்தவர்.

இந்த ஆர்வம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, ஹாஸ்டலிலிருந்து வந்தது. எம்.எஸ்ஸி. சேர்ந்த முதல் வாரமே அறைத்தோழி கேட்டாள்: "நீ ஏன் எப்பப் பார்த்தாலும் சண்டை போடற மாதிரியே பேசற?" எனக்குச் சுருக்கென்று இருந்தது. யோசித்துப் பார்த்தால், எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். யாரையும் முதுகுப் பக்கமிருந்து கூப்பிட மாட்டோம். சுற்றிக்கொண்டு முன்னால் போய், தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துத்தான் பேச ஆரம்பிப்போம். ஊர் முழுக்க, உலகம் முழுக்க அப்படித்தான் என்று இருபது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பட்டுச்சேலை ஓடும் ஷெட்டில் இரண்டு பவர்லூம் பார்க்கிறாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வேலைதான். கைத்தறி சத்தம் வேறு, அது விட்டு விட்டு வரும். பவர்லூம் ஷெட்டுக்குள் நுழைந்தால் நெஞ்சுக்கூடே அதிரும். உள்காதில் முடி போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. ஓயாத சத்தம் அவற்றைச் சாய்த்துவிடுகிறது. தலைமுடியாவது திரும்ப முளைக்கும், இது முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற, உச்ச சுருதிச் சத்தங்கள். பேச்சு காதில் விழும், வார்த்தை பிடிபடாது. ஆள் முகத்தைப் பார்த்து மிச்சத்தை நிரப்பிக்கொள்வார். வகுப்பில் இதைப் படித்த அன்று நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அடடா, இது எங்கள் தெரு ஆயிற்றே!

எனவே தலைப்பு கிடைத்தது, காதை அளக்கும் சின்ன மிஷினும் துறையிலிருந்து கிடைத்தது. பேட்டரியில் ஓடும், பையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவரலாம். கிடைக்காதது ஒன்றுதான், அமைதி. காது சோதனைக்குச் சுற்றிலும் சத்தம் இருக்கக் கூடாது. ஆளும் அதற்கு முன் பல மணி நேரம் சத்தத்தில் இருந்திருக்கக் கூடாது. தறிக்காரத் தெருவில் இதற்கு எங்கே போவது? இங்கேதான் என் மூளை வேலை செய்தது. மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட்டை நிறுத்துகிறார்களே, அன்றைக்கு ஒரு தறியும் ஓடாது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டதுபோல் இருக்கும். எல்லாரும் 'பேஜார் புடிச்ச கரண்ட்டு' என்று திட்டுகிற அந்த நாளுக்காக நான் ஒருத்தி மட்டும் காத்திருந்தேன்.

அறையும் பிடித்துவிட்டேன். தெரு முனையில் பட்டுச்சேலை வியாபாரம் செய்கிற பெரியவர், வீட்டின் உள்ளறையை விட்டுக்கொடுத்தார். மூன்று சுவரிலும் கூரை வரை சேலை அடுக்கு, தரையில் மெத்தை. துணி சத்தத்தைக் குடித்துவிடும். சென்னையில் லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய சத்தம் புகாத அறைக்கு இது ஒன்றும் குறைச்சலில்லை என்று மேடத்திடம் போனில் அளந்தேன். நாலாவது சுவரில் ஒரு கண்ணாடி பீரோ, அதற்குள் கல்யாணச் சேலைகள். சோதனைக்கு உட்காருகிறவர் சோதிப்பவரைப் பார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் அவர்களைப் பீரோவைப் பார்த்து உட்காரவைத்தேன், முதுகு எனக்கு. ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா மட்டும் கையத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்கினேன்.

முதல் ஆளாக அம்மாதான் உட்கார்ந்தாள். அவள் வந்தால்தான் மற்றவர்கள் வருவார்கள். அவள் உட்கார்ந்து எழுந்ததும் ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு வந்தவர்கூட உண்டு. ஒருவர்கூடச் சலித்துக்கொள்ளவில்லை. நானும் குறித்துக்கொண்டே போனேன். குறிக்கக் குறிக்க எனக்கே நம்ப முடியவில்லை. கை மேலே போகிறது. சத்தத்தைக் குறைத்தாலும் போகிறது. இதற்குமேல் குறைக்க முடியாது என்கிற இடத்திலும் கை ஜம்மென்று மேலே போகிறது.

மேடம் நான் குறித்து வந்த வரைபடங்களை மேசையில் பரப்பி வெகுநேரம் பார்த்தார். மிஷினைச் சரிபார்த்து வரச் சொன்னார். மிஷின் சரியாக இருந்தது. "அப்ப உன் ஊகம்தான் தப்பு. இங்க பாரும்மா, எல்லாருக்கும் பச்சைக்குழந்தைக் காது. தறி சத்தத்துல காது நல்லாகுதுன்னு எழுதப் போறியா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, கிண்டல் அவர் சுபாவம். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "ஆராய்ச்சிக் கமிட்டி முன்னாடி இதை வச்சா தலைப்பையே தூக்கிடுவாங்க. லேப்ல சர்க்கரை நோய் எலி வேலை தயாரா இருக்கு. மாறிக்கோ, மூணு வருஷத்துல முடிச்சுடலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எலி மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் எனக்குத் தெரியும், எங்கள் தெருவுக்குக் காது கேட்காது. "மேடம், நீங்க ஒரு நாள் எங்க தெருவுக்கு வந்து யாரையாவது பின்னாடியிருந்து கூப்பிட்டுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கைடிடம் பேசுகிறோம் என்பது உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த கமிட்டி வரைக்கும் டைம். திரும்ப அள. இதே மாதிரி வந்தா, எலிதான்" என்றார்.

சோதனை சரியாக வரவில்லை, படிப்பையே மாற்றச் சொல்கிறார்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த கரண்ட் நிறுத்த நாளில் மிஷினோடு மறுபடி ஆரணி வந்து இறங்கினேன். இந்த முறை முதலில் உட்கார்ந்தவர் பக்கத்து வீட்டு அத்தை. அம்மாவோடு ஒரே ஷெட்டில் வேலை. மெத்தையில் உட்காரும்போது அவர் கால் பட்டு, ஹெட்போன் வயர் மிஷினிலிருந்து கழன்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை. பட்டனை அமுக்கினேன், அத்தை கையைத் தூக்கினார். மறுபடி அமுக்கினேன், மறுபடி தூக்கினார். குறித்துக்கொள்ளக் குனிந்தபோதுதான் தரையில் கிடந்த வயர் முனை கண்ணில் பட்டது.

அதை எடுத்துச் செருகப் போய், கையை இழுத்துக்கொண்டேன். பிறகு வயரைத் தொடாமலேயே இன்னொரு முறை அமுக்கினேன். கை மேலே போனது.

சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். "அத்த, இப்ப இன்னா கேட்டுது உங்களுக்கு?"

"கீச்சுன்னு."

"பொய் சொல்லாதீங்க. வயரே கழண்டு கெடக்குது."

அத்தை வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடி பீரோவைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். பளபளவென்று துடைத்த கண்ணாடியில் நான் உட்கார்ந்திருந்த இடம், மிஷின், என் கை எல்லாமே தெரிந்தது. பட்டன்மேல் விரல் இறங்குவது வரைக்கும் தெரிந்தது.

"நீ அமுக்கினே, நான் தூக்கினேன்" என்றார் அத்தை, கொஞ்சமும் வெட்கப்படாமல். "உங்கம்மாதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தா. பொண்ணுக்குப் பரீட்ச, நம்மளாலே மார்க்கு கொறஞ்சிடக் கூடாது, கண்ணாடியப் பாத்துகினே இருங்க, கை அசைஞ்சா ஜல்தியா தூக்கிடுங்கன்னா. நாங்க ஒரு வாட்டிகூடத் தவற உடலியே, அப்பவும் நீ பாஸாவலியா?"

எனக்குக் கோபம் வர வேண்டும். தலைப்பே போகிற நேரம். ஆனால் சிரிப்புத்தான் வந்தது, அதுவும் கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. எத்தனை பேர், ஒரு நாள் முழுக்க, ஒரு கண்ணாடியை இமைக்காமல் பார்த்து என்னைப் பாஸாக்கியிருக்கிறார்கள்! தறியில் பாய்கிற ஷட்டிலில் நூல் தீர்வதைக் கண்ணாலேயே பிடிக்கிறவர்களுக்கு என் விரலைப் பிடிப்பது ஒரு பெரிய விஷயமா?

வாசலுக்குப் போனேன். வரிசையில் நின்றவர்கள் முன்னால் போய் நின்று, அத்தனை முகங்களும் என்னைப் பார்க்கிறவரை காத்திருந்து, எங்கள் தெரு வழக்கப்படி கத்திச் சொன்னேன். "இது எனக்குப் பரீட்சை இல்லீங்க. கேக்கலன்னா கேக்கலன்னு உட்டுடுங்க. நீங்க கையத் தூக்கினா நான்தான் பெயிலு!" அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. கேட்காமல் இருந்தால் பாஸ் போடுகிற படிப்பும் ஒரு படிப்பா என்று ஒருவர் கேட்டார். அதற்குமேல் விளக்காமல் உள்ளே வந்து, பீரோவின் மேல் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டேன். கண்ணாடி மறைந்தது.

அதற்குப் பிறகு பகல் முழுக்க நடந்தது நான் படித்த பாடம் அப்படியே. கனத்த அடி ஒலிகளுக்குக் கை எழும், சுருதி மேலே போகப் போகத் தயங்கும், உச்சத்துக்குப் போனால் மடியிலேயே கிடக்கும். வரைபடத்தில் கோடு ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழுந்தது. மேடத்துக்கு அங்கிருந்தே படம் எடுத்து அனுப்பினேன். 'சபாஷ்! தலைப்பு உனக்குத்தான்' என்று உடனே பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாடா, ஜெயித்துவிட்டேன் என்று மெத்தையில் கையை ஓங்கிக் குத்தினேன். விழுந்த ஒவ்வொரு கோடும் ஓர் ஆளின் காது என்பது அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியாக அம்மா வந்து உட்கார்ந்தாள். போர்வையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஹெட்போனை மாட்டிவிட்டுப் பின்னால் வந்து ஆரம்பித்தேன். அடி ஒலிகளுக்கு இரண்டு மூன்று தடவை கையைத் தூக்கினாள். அதன் பிறகு தூக்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். மிஷின் எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவும் கொடுத்தேன். ஹெட்போனுக்கு வெளியே எனக்கே அந்தக் கீச்சொலி கேட்டது.

"இன்னாடி, நிறுத்திட்டியா?" என்றாள் அம்மா, போர்வையைப் பார்த்தபடி. "ஜல்தி ஆவட்டும். கரண்டு வந்துடப் போவுது."

நான் நிறுத்தவில்லை. என் விரல் பட்டன்மேல்தான் இருந்தது.

மிஷினை அணைத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்து, ஹெட்போனைக் கழற்றினேன். "உச்சத்துல எதுவுமே உனக்குக் கேக்கலம்மா" என்றேன்.

"போடி. இப்ப நீ பேசறது கேக்கலியா? அத்தனையும்தான் கேக்குது."

வலது கையால் வாயை மறைத்துக்கொண்டேன். வீட்டில் எப்போதும் பேசுகிற அதே சத்தத்தில், "தறி உன் காதத் தின்னுடுச்சும்மா" என்றேன்.

அம்மா என் கையைப் பார்த்தாள். காத்திருந்தாள். மறுபடி சொன்னேன். அவள் கழுத்தைச் சாய்த்து, என் விரல் இடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"ஏதோ சொல்றே. கைய எடுத்துட்டுச் சொல்லுடி."

கையை எடுத்தேன். அதே வார்த்தைகளை, அதே சத்தத்தில் சொன்னேன். இந்த முறை அவளுக்குக் கேட்டது.

ஹெட்போன் வயரைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு அவள் நிமிர்ந்து என் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"அப்ப உன் படிப்ப மாத்த மாட்டாங்கல்ல?"

மாட்டாங்கம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"அது போதும்" என்றாள் அம்மா.