ஊதாப் பூ பூத்த அவரை

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நான் தங்கியிருந்த மாடி அறைக்குக் கீழே, வீட்டின் பின்புறம், இரண்டு ஆள் படுக்கும் அளவுக்கு மண் தரை இருந்தது. அதில் வீட்டுக்கார அம்மா அவரை போட்டிருந்தார். கொடி மதில்மேல் ஏறி ஊதா நிறத்தில் பூத்திருந்தது. குடியாத்தத்திலிருந்து குடிவந்தபோது அவர் கணவர் கொண்டுவந்த விதை. கணவர் இறந்த பிறகும் அந்த அம்மா வருடம் தவறாமல் விதை எடுத்து, சாம்பல் கலந்து பாட்டிலில் வைப்பார்.

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு ஓட்டல், செங்கல் சூளை, லாரி என்று ஊர் ஊராகச் சுற்றினேன். ஓசூர் பக்கம் தக்காளித் தோட்டத்தில் மூன்று மாதம் பூச்சிமருந்து டிரம்மை முதுகில் சுமந்ததுண்டு. அதை வைத்து அந்த அம்மாவிடம், "எனக்கு விவசாயம் அத்துப்படி" என்று ஒருநாள் அளந்துவிட்டேன். அவர் நம்பினார்.

கார்த்திகை கடைசியில் மகளின் பிரசவத்துக்கு வேலூர் கிளம்பும்போது கொடியை என்னிடம் ஒப்படைத்தார்.

"எலி தின்னது போக இருந்த வெதையெல்லாம் போட்டுட்டேன் தம்பி. பாட்டில்ல ஒண்ணும் இல்ல. இதுல முத்தறதுதான் அடுத்த வருசத்துக்கு. மழ வந்தா தண்ணி போற செவுத்து ஓட்டைய மட்டும் அடைக்காம பாத்துக்கோ. பூச்சி வந்தா சாம்பல் தூவு. வேற ஒண்ணும் செய்யாத."

பெங்களூரில் அந்த மாதம் விடிகாலையில் பனி இறங்க வேண்டும். பனி குடித்த அவரைக்காயை உரித்தால் விரலில் ஒரு வாசம் ஒட்டும். இங்கே அதைச் சொகடு என்பார்கள். அந்த வருடம் பனி வரவில்லை. மழைதான் வந்தது, ஐப்பசியில் பெய்வதுபோல் நான்கு நாள் விடாமல். நான் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். ஐந்தாம் நாள் இறங்கிப் பார்த்தபோது சுவர் ஓட்டையில் இலைக்குப்பை அடைத்து, கொடியின் வேர் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு வாரம் மூட்டமும் புழுக்கமும். பூ கொட்டியது. தண்டு முழுக்கக் கறுப்பாகச் செடிப்பேன் அப்பியது.

சாம்பல் தூவியிருக்கலாம். விவசாயம் தெரிந்தவன் அல்லவா, சோப்புத் தண்ணீர் அடித்தேன். ஓசூரில் டிரம்மைச் சுமந்தவன்தான் நான், கலக்கியது மேஸ்திரி. எவ்வளவுக்கு எவ்வளவு என்று அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. துணி சோப்புப் பொடியை நுரை பொங்கக் கரைத்து ஊற்றினேன். வாசலில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர் சந்து வழியாக எட்டிப் பார்த்தார்.

"இன்னா வாத்தியாரே, செடிக்குத் தல முழுக்கா? அப்பிடியே குடுத்தின்னா பொட்டி போட்டுத் தரேன்!"

மறுநாள் மூட்டம் கலைந்து, மார்கழியில் பங்குனி வெயில் அடித்தது. மத்தியானத்துக்குள் இலைகள் அப்பளம்போல் சுருண்டன. இரண்டு நாளில் கொடி முழுக்கக் காய்ந்துவிட்டது. ஒரு காய்கூட முற்றவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மா போன் செய்தார். "பனி வுழுதா தம்பி?"

"விழுதும்மா. நல்லா விழுது."

"இங்க ஒரே மழ. அங்கயாச்சும் வுழுதே, சந்தோசம்."

அப்போதே சொல்லியிருந்தால் திட்டோடு போயிருக்கும். அதற்குப் பிறகு அவர் கேட்டபோதெல்லாம் பனி விழுந்துகொண்டே இருந்தது.

அவர் திரும்பி வருவதற்கு முந்தின நாள் கொடியைப் பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டேன். மார்க்கெட்டுக்குப் போய், மாகடி பக்கத்திலிருந்து வந்த அவரைக்காய் வாங்கினேன். காயின் வடிவத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் உட்கார்ந்து உரித்து, பருப்பை மட்டும் முறத்தில் பரப்பி வைத்தேன். தோலைக்கூட வீட்டில் விடவில்லை.

"காய் முத்திடுச்சும்மா. பறிச்சுட்டு எடத்த சுத்தம் பண்ணிட்டேன்."

ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாரேன், அத்தன மழைக்கு அப்புறமும் பனி வுழுந்து சொகடு வந்திருக்குது. உன் கை ராசி தம்பி."

முற்றிய பருப்பாகப் பொறுக்கிக் காயவைத்துப் பாட்டிலில் போட்டார். மீதியை ஊறவைத்துத் தோல் பிதுக்கிக் குழம்பு வைத்தார். எனக்கு ஒரு கிண்ணம் வந்தது. சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. பாட்டில் சமையலறை அலமாரியில் இருந்தது. வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் பட்டது. தை பிறந்ததும், வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லித் திருப்பூர் போய்விட்டேன். வேலை எதுவும் கிடைத்திருக்கவில்லை.

அடுத்த மார்கழியில் பெங்களூர் வந்தபோது அந்தத் தெருவுக்குப் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். கால் தானாக அங்கே போய்விட்டது. சந்துக்குள் நுழையும்போதே மதில் தெரிந்தது. கொடி நிறையப் பூ. எல்லாம் வெள்ளை.

அந்த அம்மா வெளியே வந்தார். "வா தம்பி, எளச்சுட்டியே," என்றார். பிறகு மதிலைக் காட்டினார்.

"இத்தன வருசத்துல இப்பிடி ஆனதில்ல. போன வருசம் மழ கெட்டுச்சே, அதால பூ நெறம் மாறிப்போவுமா? இஸ்திரிக்காரரு மாறும்னாரு. உனக்குத்தான் விவசாயம் தெரியுமே, நீ சொல்லு."

இஸ்திரிக்காரரைப் பார்த்தேன். அவர் தலை நிமிராமல் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாறும்மா," என்றேன்.

"அப்ப சரி. எங்க வூட்டுக்காரரு வெதைதானே, எந்த நெறத்துல பூத்தா என்ன," என்று சொல்லி, ஒரு பை நிறையக் காய் பறித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.