காதர் மைதீன் பக்கத்துச் சோறு

காதர் மைதீனுக்கு இந்த உலகத்தில் பயம் என்றால் ஊசி ஒன்றுதான். துபாயில் அல் கூஸ் பக்கம் இரும்புச் சாமான் கடையில் வேலை. ஆளுயரக் குழாயைத் தனியாகத் தோளில் தூக்கிப் போவார். ரத்தம் எடுக்கும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக் கலிமா ஓதுவார். அப்படிப்பட்ட மனுஷனிடம் டாக்டர் ஷியாமளா, சோற்றைப் பாதியாகக் குறைக்காவிட்டால் தினமும் இன்சுலின் ஊசிதான், அதையும் அவரே போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பகலில் குறைத்துவிட்டார். வம்பு ராத்திரியில்தான். ரூமில் எல்லாரும் காயல்பட்டினத்து ஆட்கள். ஊரில் கல்யாண வீட்டில் போடுகிற மாதிரி, பெரிய தட்டில் சோற்றைக் குவித்து மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து தின்பார்கள். அதற்குப் பெயர் சஹன். பக்கத்தில் இருப்பவன் கை மந்தமானால், அவன் பக்கம் சோற்றையும் கறியையும் தள்ளிவிடுவதுதான் அதில் மரியாதை. ஒருவன் எழுந்தால் மற்றவர்களும் அரை வயிற்றோடு எழுந்துவிடுவார்கள். அதனால் எழவும் முடியாது.

காதர் மைதீன் கையை மெதுவாக்கினார். அவ்வளவுதான். மனுஷனுக்கு ஏதோ மனவருத்தம் என்று ஒரே தட்டில் தின்னும் அஸ்கர் அலி நினைத்துக்கொண்டான். நெய்ச்சோறு மடை திறந்த மாதிரி அவர் பக்கம் வந்தது. மேலே நெஞ்செலும்பு வேறு. தின்றார். தின்னாமல் என்ன செய்வார்? சுகர் என்று சொன்னால் விடிவதற்குள் ஊரில் பெண்சாதி அஸ்மத் பீவி காதுக்குப் போய்விடும். அவள் போனில் அழுவாள், தெருவே கூடி அவருக்காக துஆ கேட்கும்.

அடுத்த தடவை சுகர் ஏறித்தான் இருந்தது. ஷியாமளா திட்டவில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இதுவரை ஒரு டாக்டரும் அவரிடம் கேட்காத கேள்வி. மனுஷன் சஹன் கதையைக் கொட்டித் தீர்த்தார். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"அப்ப உங்களுக்கு மட்டும் மருந்து குடுத்துப் பிரயோஜனம் இல்ல. அந்த ரெண்டு பேர்கிட்டயும் இன்னைக்கே சொல்லுங்க. மூணு மாசம் பாக்கறேன். அப்பறம் ஊசிதான்."

அன்று சஹன் முன்னால் உட்கார்ந்து சொன்னார். ஊர் வழக்கில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அஸ்கர் அலிதான் முதலில் வாய் திறந்தான்.

"ஏன் காக்கா, இதைச் சொல்லாமத்தான் இத்தன நாளா எம் பங்கு நெஞ்செலும்பையும் தின்னியளா?"

"கலாஸ், முடிஞ்சுது. இனி காக்கா பக்கத்துக்கு நான் காவல்" என்றான் மூன்றாவது ஆளான அப்துல் ஹாதி.

அன்றிலிருந்து அதே கைகள் வெள்ளரிக்காயையும் மீனையும் அவர் பக்கம் தள்ளின. சோற்றை அஸ்கர் அலி தன் பக்கம் இழுத்துக்கொண்டான். காதர் மைதீன் எல்லை தாண்டினால் ஹாதி கையைத் தட்டிவிடுவான். செய்தி அஸ்மத் பீவிக்கும் போனது. ஒரு பாட்டம் அழுதாள். பிறகு புருஷனை விட்டுவிட்டு, அவர் என்ன தின்றார் என்று ஹாதியிடமே தினமும் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தாள்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சுகர் இறங்கியிருந்தது. ஊசி இல்லை. காதர் மைதீன் டாக்டர் அறையிலிருந்து சிரித்த முகமாக வெளியே வந்தார். அங்கே பெஞ்சில் அஸ்கர் அலி, தண்ணீர் பாட்டிலும் கையுமாக.

"நாக்கு வறளுது காக்கா. நானும் டெஸ்ட் எடுத்தேன், சுகர் பார்டர்ல நிக்கிதாம். உங்க பங்கையும் நான்தானே தின்னேன்."

"பயப்படாத. ஊசிலேர்ந்து நானே தப்பிச்சுட்டேன். இனி உம் பக்கத்துக்கு நான் காவல்."

அன்று ராத்திரி இரண்டு பக்கத்துச் சோறும் அப்துல் ஹாதி பக்கம் வந்து மலையாகக் குவிந்தது. ஹாதி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். நாளையிலிருந்து உலையில் அரிசியையே குறைத்துப் போடலாம் என்றான்.